நனையாத தலை

ஒரு பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றினால் அது நனைய வேண்டும். அதற்கு மேல் எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் தெரியாது. வடக்கு சார்ல்ஸ்டனில் கறுப்புப் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பெண்களின் முடி லேசில் வழிக்கு வராது. முரட்டு முடி, சுருள் முடி, தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முடி எல்லாம் என் கைக்கு அடங்கியிருக்கின்றன. ஜவானா ஃப்ளட்டின் தலை மட்டும் நனையவில்லை. அதைச் சொல்வதற்கு முன் என் தங்கை வில்லாமேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வில்லாமே காட்ஸ்டன் என் சித்தி மகள், எழுத்தாளர். ஒரு கறுப்புப் பெண் வலிக்கிறது என்றால் டாக்டருக்கு ஏன் காது கேட்காமல் போகிறது என்று முழுப் புத்தகமே எழுதியவள். எங்கள் ஆண்களைப் பற்றி எழுதினால் எங்கள் ஆண்களுக்குக் கோபம் வரும்; வெள்ளைப் பெண்களைப் பற்றி எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரும். அவள் அசரமாட்டாள். புத்தகத்தை விட இணையத்தில்தான் அவளுக்குக் கூட்டம் அதிகம். அந்தக் கூட்டத்துக்கு எழுதியதில் பாதியை என் கடையில், முடி உலர்த்தும் நாற்காலியில், ஊதா நிறக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். ஒரு நாளாவது தலை உலர்த்தக் காசு கொடுத்ததில்லை.

வசவுகள் தினமும் வரும். மாதம் ஒரு முறையாவது யாரோ முகம் தெரியாதவன் அவள் படத்தைக் கறுப்புக் கட்டம் கட்டி, "வில்லாமே காட்ஸ்டன் மறைந்தார்" என்று போடுவான். அவள் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

"அக்கா, இந்த மாசமும் செத்துட்டேன். செத்த வீட்டுச் சாப்பாடு எங்க? சிவப்புச் சோறும் கோழியும் பண்ணலியா?"

"பண்றேன்டி. முதல்ல நீ ஒழுங்கா செத்துக் காட்டு."

எங்களால் அப்படிச் சிரிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் தீவுக்காரர்கள்; இங்கிருந்து பாலங்களைத் தாண்டிப் போனால் வரும் செயின்ட் ஹெலினா தீவு. எங்களுக்கு இரண்டு பெயர். ஒன்று காகிதப் பெயர்; பள்ளிக்கும் போலீசுக்கும் எமனுக்கும். இன்னொன்று கூடைப் பெயர். பிள்ளையைக் கூடையில் கிடத்தியிருக்கும்போதே காதில் சொல்லும் பெயர் அது. காகிதப் பெயரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூடைப் பெயர் நம்மிடம் இருக்கும் வரை எந்தக் கூப்பாடும் நம்மை முழுதாகக் கொண்டுபோக முடியாது. வில்லாமேயின் கூடைப் பெயர் சேற்றில் ஓடும் ஒரு சின்னப் பிராணியின் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் நல்லவராக இருக்கலாம். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவர் யார் என்று எனக்குத் தெரியாதே.

எங்கள் ஜெப வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. வருடக் கடைசி ஞாயிறு, அந்த வருடம் இறந்தவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஒருவர் கூப்பிட, சொந்தக்காரர் எழுந்து நின்று "இருக்கிறாள்" என்பார். அதோடு அந்த ஆத்மா நிம்மதியாக அக்கரைக்குப் போய்விடும். கூப்பிடுபவருக்கு ஒரே ஒரு விதி. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காத சாவைக் கூப்பிடக் கூடாது.

இந்த வழக்கத்தைத்தான் வில்லாமே இணையத்துக்குக் கொண்டுபோனாள். புருஷன் அடித்துக் கொன்றவள், காவலர் சுட்டவள், பிரசவத்தில் கவனிப்பாரில்லாமல் ரத்தம் போய்ச் செத்தவள் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கறுப்புப் பெண்ணின் பெயர். டிவி ஒரு வரி கூடச் சொல்லாத பெண்கள். அவள் என்ன பாட்டு முணுமுணுப்பாள், எந்தக் கடையில் காலணி வாங்குவாள் என்றெல்லாம் விசாரித்து இரண்டு பக்கம் எழுதுவாள். கீழே ஆயிரக்கணக்கில் "இருக்கிறாள்", "இருக்கிறாள்" என்று பதில் வந்து விழும். நல்ல காரியம்தான். அந்த ஒரு விதியை மட்டும் அவளால் கொண்டுபோக முடியவில்லை. நாடு முழுக்க ஓடி ஓடிப் பிணத்தின் பக்கத்தில் உட்கார முடியுமா?

ஜவானா ஃப்ளட்டின் பெயர் அப்படித்தான் வந்தது. புருஷன் சுத்தியலால் அடித்திருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் தங்கைக்காரி அழுதுகொண்டே "போயிட்டா, போயிட்டா" என்று யாருக்கோ செய்தி அனுப்ப, அது கைமாறிக் கைமாறி வில்லாமேயிடம் வந்தது. அவள் ஞாயிறு முழுக்க விசாரித்து எழுதினாள், திங்கள் காலை போட்டாள். ஊரே பதில் சொன்னது. என் கடைக்கு வரும் பெண்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அன்று என் கை முழுக்க நுரை. நான் பதில் போடவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது.

மத்தியானம் வில்லாமேக்கு ஒரு செய்தி வந்தது. "நான் சாகல. ஆஸ்பத்திரியில்தான் இருக்கேன். தயவுசெய்து எடுத்துடுங்க."

உடனே எடுத்தாள். மன்னிப்பும் எழுதினாள். ஆனால் செத்த செய்திக்கு நூறு கால், பிழைத்த செய்திக்கு ஒரே கால். மன்னிப்பை யாரும் பார்க்கவில்லை. ஜவானாவின் படம் ஊர் ஊராகப் போனது. எங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் ஒரு சுவரில் அவள் முகத்தை இறக்கையோடு வரைந்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நான் திரும்பிப் பார்க்கிறேன், தலைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். கதவுமணி அடிக்கவில்லை. நெற்றியில் தையல், கையில் ஒரு துணிப்பை.

"மிஸ் எர்னஸ்டீன், இங்கதான் வில்லாமே மேடம் வருவாங்கன்னு சொன்னாங்க. நான் ஜவானா."

"உக்காரும்மா, தாயே," என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதே நேரம் என் வழக்கமான வாடிக்கைக்காரி டாரித்தா உள்ளே வந்து, பையை ஜவானாவின் மடியில் வைத்தாள். நேராக மடியில். பிறகு அவளும் அங்கேயே உட்காரப் போனாள். ஜவானா பழக்கப்பட்டவளைப் போல எழுந்து விலகிக்கொண்டாள்.

"அங்க ஆள் இருக்கில்ல?" என்று கத்தினேன்.

டாரித்தா சுற்றிப் பார்த்தாள். "யாரு? எர்னஸ்டீன், அந்தச் சாயப் பொடிய மோந்து மோந்து உனக்கு மூளை கெட்டுப்போச்சு."

அவளை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். வில்லாமேயை அழைத்தேன். அவள் வரும்வரை வேறென்ன செய்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஜவானாவைத் தொட்டியில் சாய்த்துத் தலை கழுவினேன்.

தண்ணீர் முடியின் மேல் ஓடி அப்படியே வழிந்தது. சேம்பு இலையில் ஓடுவது போல. ஒரு சொட்டு ஒட்டவில்லை. ஷாம்பு போட்டேன், நுரை வரவில்லை. விரலால் பிரித்து அடிமண்டையில் ஊற்றினேன். மண்டை உலர்ந்து, மண்பானையின் வெளிப்புறம் போலச் சில்லென்று இருந்தது. இருந்தாலும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"நனையல இல்ல?" என்றாள் கண்ணை மூடியபடியே. "வீட்லயும் அப்படித்தான். பஸ் நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில என் கட்டில்ல வேற ஆள படுக்க வச்சிட்டாங்க, நான் படுத்திருக்கும்போதே. எனக்கு மெழுகுவத்தி ஏத்தினாங்கல்ல, பூங்காவுல? நானே போனேன். அப்போ இன்னும் கொஞ்சம் தெரிஞ்சேன் போல. ஒரு சின்னப் பொண்ணு, 'சொந்தக்காரங்களா?'ன்னு கேட்டு மெழுகுவத்தி குடுத்துச்சு. ஊதிப் பார்த்தேன். தீ அசையவே இல்ல."

வில்லாமே வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஜவானா தெரிந்தாள். கூப்பிட்டவள் அவள்தானே, பதில் சொன்னவள் இல்லையே; பதில் சொன்னவர்களின் கண்ணுக்குத்தான் ஜவானா மறைந்துபோனாள்.

"நான் அத எடுத்துட்டேம்மா," என்றாள் வில்லாமே. "திரும்பத் திரும்ப எழுதிட்டுத்தான் இருக்கேன். என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

"சத்தம் நிக்கல, மேடம். பக்கத்து ரூம்ல கூட்டமா பேசற மாதிரி. இருக்கிறாள், இருக்கிறாள்னு. பகல் முழுக்க. நான் 'இதோ இருக்கேன்'னு சொல்லலாம்னு வாயத் திறப்பேன், அதுக்குள்ள அவங்க சொல்லிடறாங்க. எனக்குப் பதிலா ஊரே பதில் சொல்லிடுச்சு. அப்புறம் நான் எதச் சொல்றது?"

பிறகு அவளே, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், "அதுக்கு முன்னாடியும் உங்களுக்கு எழுதியிருந்தேன் மேடம். அவன் சுத்தியல் வாங்கிட்டு வந்தப்ப. தங்க ஒரு இடம் கிடைக்குமான்னு," என்றாள்.

வில்லாமே ஃபோனை எடுத்துத் தேடினாள். படிக்காத செய்திகளின் குவியலில் அடியில் அது இருந்தது. அவள் அதைப் படித்தாள். ஊதாக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"உன் கூடைப் பேரு என்னம்மா?" என்று ஜவானாவைக் கேட்டேன். காகிதப் பெயர் அக்கரைக்குப் போய்விட்டால் கூடைப் பெயரைக் காதில் சொல்லித் திரும்ப அழைக்கலாம். அவள் வாயால் பதில் வந்தால் போதும்.

"தெரியாது, மிஸ் எர்னஸ்டீன். அம்மா போனப்ப நான் கைக்குழந்தை. அரசாங்கம்தான் வீடு வீடா குடுத்து வளர்த்துச்சு. ஃப்ளட்டுங்க தீவுக்காரங்கன்னு மட்டும் தெரியும்."

அந்தப் பெயர் தெரிந்த சொந்தம் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்க, மறுநாள் காலையிலேயே தீவுக்குக் கிளம்பினோம். ஜவானா முன் சீட்டில், பெல்ட் போடாமல். என் வண்டி ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை அந்தச் சீட்டில் வைத்தாலே பெல்ட் போடு, பெல்ட் போடு என்று ஊரைக் கூட்டும். அன்று வழி முழுக்க மூச்சு விடவில்லை. பாலங்களைத் தாண்டும்போது நானும் வில்லாமேயும் அதைக் கவனித்தோம், சொல்லிக்கொள்ளவில்லை.

தீவில் சாலையோரம் நண்டு பொரிக்கும் பெர்லீனுக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்தோம்.

"ஃப்ளட்டா? அவங்க நிலம் வரி பாக்கில ஏலம் போயி எந்தக் காலமாச்சு! அங்க இப்ப பணக்காரங்க பந்து அடிக்கிறாங்க. கல்லறைக்குப் பூ வைக்கப் போனாக்கூட வாட்ச்மேன் யாரு எவருன்னு கேப்பான். ஒரு ஆளும் மிச்சமில்ல." இரண்டு தட்டு நண்டு கொண்டுவந்தாள். "ஆமா, அந்தச் செத்துப்போன பொண்ணு ஃப்ளட்தானே? எவ்ளோ லட்சணம்! நான்கூட 'இருக்கிறாள்'னு போட்டேன். அழுதுட்டேன் தெரியுமா?"

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். காலித் தட்டுக் கூடையை ஜவானா உட்கார்ந்திருந்த இடத்தில் இறக்கினாள். ஜவானா பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

திரும்பும் வழியில் ஜெப வீட்டு வாசலில் வில்லாமே வண்டியை நிறுத்தச் சொன்னாள். பூட்டியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டிக் கண்ணாடியில் என் முகமும் வில்லாமேயின் முகமும் தெரிந்தன; ஜவானா இருந்த இடத்தில் சீட்டின் துணி தெரிந்தது.

"என்னோடத குடுத்துடறேன்," என்றாள் வில்லாமே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அறிவிருக்காடி உனக்கு? மாசாமாசம் உன்னச் சாகடிக்கிறானுங்க. அந்தப் பேரு இருக்கறதாலதான் நீ நடமாடிட்டு இருக்க. குடுத்துட்டா அது உன்னுது இல்ல. திரும்ப வராது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இவ உயிரோட கேட்டப்ப என்னால ஒரு வரி பதில் போட முடியலக்கா. செத்துட்டான்னதும் ரெண்டு பக்கம் எழுதினேன். எல்லாரும் அழுதாங்க. இதுக்கு நான் என்ன குடுக்கணும்னு நீயே சொல்லு."

அவள் முன் கதவைத் திறந்து குனிந்து, ஜவானாவின் காதை மூடியிருந்த முடியை விலக்கி, அந்தச் சேற்றுப் பிராணியின் பெயரைச் சொன்னாள். ஜவானாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வில்லாமே மறுபடி சொன்னாள், கொஞ்சம் அதட்டலாக, என் சித்தி அவளைச் சாப்பிடக் கூப்பிடும் அதே தொனியில்.

"ம்... இதோ இருக்கேன்," என்றாள் ஜவானா.

வண்டி அலற ஆரம்பித்தது. பெல்ட் போடு, பெல்ட் போடு. நாங்கள் மூவரும் பயந்து, பிறகு சிரித்து, பிறகு தேம்பித் தேம்பி அழுதோம். அந்த பீப் சத்தத்தை நிறுத்த யாருக்கும் மனமில்லை.

ஜவானா என் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள், தலை கழுவ. நல்ல கை. மிஸ் எர்னஸ்டீன் போய் "அக்கா" வந்தது. டாரித்தாவே அவளிடம்தான் தலையைக் கொடுப்பேன் என்று அடம் பிடிப்பாள். வில்லாமே திங்கட்கிழமை வழக்கத்தை மாற்றினாள். உயிரோடு இருந்து உதவி கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவள் அனுமதி வாங்கி, எழுத ஆரம்பித்தாள். பதில்கள் சொற்பமாகத்தான் வந்தன. "செத்தாத்தான் மவுசு போல," என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

வசந்த காலத்தில் அது நடந்தது. இந்த முறை வில்லாமே மறைந்தாள் என்று போட்டவன் கெட்டிக்காரன். கறுப்புக் கட்டத்தோடு நிற்கவில்லை; சவ அடக்க நிலையத்தின் அறிவிப்பைப் போலவே ஒன்று தயாரித்து, தேதி போட்டு வெளியிட்டான். பெரிய மனிதர்கள் இரங்கல் எழுதினார்கள். திட்டியவர்கள்கூடப் புகழ்ந்தார்கள். அவளே சொல்லிக் கொடுத்தபடி, லட்சக்கணக்கானவர்கள் அன்பாக, அழுதுகொண்டே பதில் போட்டார்கள். இருக்கிறாள். இருக்கிறாள்.

நான் அவளுக்கு ஃபோன் மேல் ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பினால் முடி உலர்த்தும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கதவுமணி அடித்ததாக நினைவில்லை. ஊதாக் கண்ணாடி, மடியில் ஃபோன்.

"அக்கா, திரை என் விரல வாங்க மாட்டேங்குது," என்றாள். "நான் சாகலன்னு எழுதணும். ஒரு எழுத்து விழல."

அவள் ஆள்காட்டி விரல் ஃபோனைத் தட்டிக்கொண்டே இருந்தது. திரை இருண்டே கிடந்தது. இத்தனை வருடம் உலகத்தைத் திட்டித் திருத்திய விரல். உள்ளே வந்த டாரித்தா மூக்கைச் சிந்தியபடி, "எர்னஸ்டீன், உன் தங்கச்சி... ஐயோ, என்ன பொண்ணு!" என்று சொல்லிக்கொண்டே அந்த நாற்காலியில் உட்காரப் போனாள்.

நான் பதறிப்போய் வில்லாமேயைக் கூப்பிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட பெயர், சேற்றில் ஓடும் அந்தச் சின்னதின் பெயர். தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"என்னக்கா?" என்றாள் ஜவானா, பின்கட்டிலிருந்து.

ஈரக் கையோடு வந்து நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துக்கோங்க," என்றாள் வில்லாமேயின் காலடியில் உட்கார்ந்து. "திருப்பிக் குடுத்துடறேன். இவ்வளவு நாள் இருந்ததே போதும்."

வில்லாமே தலையை ஆட்டினாள். முடியாது என்று. அவள் குரல் அதற்குள் மெலிந்துவிட்டது. "ரெண்டு பேர்ல ஒருத்திதான்னா அது என்ன கணக்கு? அதுக்காகவா நான் இவ்வளவும் எழுதினேன்?"

டாரித்தாவையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பினேன். வில்லாமேயைத் தொட்டியில் சாய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். ஓடி வழிந்தது.

எனக்கும் ஒரு கூடைப் பெயர் உண்டு. அதைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவள் வில்லாமே மட்டும்தான். அவளும் கோபத்தில்தான் அதைச் சொல்வாள். நான் பிரபலமானவள் இல்லை, என்னை யார் சாகடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் சட்டென்று கண்ணைத் திறந்து, "அக்கா, வேணாம்," என்றாள். நான் மறுபடி சொன்னேன். ஜவானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க மேடம், பதில் சொல்லுங்க," என்று கெஞ்சினாள்.

"இருக்கேன்," என்றாள் வில்லாமே.

என் விரலுக்கடியில் அவள் முடி நனைந்தது. முதலில் அடிமண்டை, பிறகு சுருள் சுருளாக, கனத்துக்கொண்டே வந்தது.

இப்போது அவள் மறுபடி எழுதுகிறாள். நான் மட்டும் கதவுமணியைக் கவனிக்கிறேன். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் என் தலையில்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். என் காகிதப் பெயர் எர்னஸ்டீன் மேசிக். என்னிடம் வேறு பெயர் இல்லை. எர்னஸ்டீன் மேசிக் செத்துவிட்டாள் என்று என்றைக்காவது உங்கள் கைக்கு ஒரு செய்தி வரலாம். நல்ல மனதோடு, கண் கலங்கி, பதில் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். முதலில் கடைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.